பாட்டு ஒன்று, சொத்து இரண்டு

கேள்வி: நான் பாட்டு எழுதி மெட்டுப் போடுகிறவன். பாடுவது என் தோழி. மூன்று பாடல்களை நாங்களே செலவு செய்து பதிவுசெய்து, ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக எல்லா ஸ்ட்ரீமிங் தளங்களிலும் வெளியிட்டோம். அதில் ஒன்று நன்றாக ஓடுகிறது. இப்போது ஒரு ரெக்கார்ட் லேபிள் எங்கள் இருவர் பெயரிலும் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது, முன்பணமும் தருகிறார்கள். இதற்கிடையில் ஒரு மியூசிக் பப்ளிஷிங் நிறுவனம் எனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கிறது. இரண்டும் இசைக் கம்பெனிதானே? ஒருவரிடம் கையெழுத்துப் போட்டால் இன்னொருவரிடம் போடக் கூடாதா? லேபிள்காரர்கள், "பப்ளிஷிங்கையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்கிறார்கள். அவர்கள் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

இரண்டு பேரிடமும் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். அவர்கள் உங்களிடம் கேட்பது ஒரே பொருளை அல்ல. ஆனால் நீங்கள் இணைத்திருக்கிற பக்கத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. அதை அப்படியே ஒப்புக்கொண்டால், பப்ளிஷருக்குக் கொடுக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. அந்த ஷரத்தை வரிவரியாகப் பார்க்கலாம். அதற்கு முன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, பாடல். அதாவது நீங்கள் எழுதிய வரிகளும் போட்ட மெட்டும். அதை யாரும் பாடாவிட்டாலும் அது உங்களுடையதாக இருக்கிறது. இன்னொன்று, பதிவு. உங்கள் தோழி மைக் முன்னால் நின்று பாடி, வாத்தியங்கள் சேர்த்து, மிக்ஸ் செய்து முடித்த அந்த ஒலிக்கோப்பு. தொழிலில் அதை மாஸ்டர் என்கிறோம். சட்டம் இரண்டையும் தனித்தனி உரிமைகளாகப் பார்க்கிறது. ரெக்கார்ட் லேபிளின் வியாபாரம் மாஸ்டரில். பப்ளிஷரின் வியாபாரம் பாடலில்.

நாளைக்கு வேறொரு பாடகி உங்கள் பாடலைத் தன் குரலில் பாடி வெளியிடுகிறார் என்று வையுங்கள். இப்போது பாடல் ஒன்றுதான், மாஸ்டர் இரண்டு. புதிய மாஸ்டரில் உங்கள் தோழிக்கோ, முதல் மாஸ்டரை வைத்திருக்கும் லேபிளுக்கோ பங்கு கிடையாது. ஆனால் பாடலுக்கான பணம் அங்கேயும் உங்களுக்கு உண்டு. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1974இல் தானே எழுதிப் பாடி வெளியிட்ட ஒரு பாடலை, 1992இல் விட்னி ஹூஸ்டன் ஒரு திரைப்படத்துக்காகப் பாடி அது உலகமெங்கும் ஓடியது. டாலிக்குப் பெரும் பணம் வந்தது தன் குரலுக்காக அல்ல, எழுதியவர் என்பதற்காகவும் பப்ளிஷிங் உரிமையைத் தானே வைத்திருந்ததற்காகவும். அதற்கு வெகுகாலம் முன்பே எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாடலைப் பாட ஆசைப்பட்டார். அவருடைய மேலாளர் பப்ளிஷிங்கில் பாதியைக் கேட்டார். டாலி மறுத்துவிட்டார், எல்விஸ் பாடாமலே போனது. அன்று அந்த மறுப்பு அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

லேபிள் செய்யும் வேலை உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். பதிவுக்குச் செலவு செய்வது, வீடியோ எடுப்பது, விளம்பரம், தளங்களில் முன்னால் வைக்கப் பேசுவது, பாடுபவரை ஒரு முகமாக வளர்த்தெடுப்பது. நல்ல லேபிள் இதில் உண்மையிலேயே பெரிய வேலை செய்கிறது.

பப்ளிஷரின் வேலை வெளியே தெரியாது. எழுதியவர்களுக்காகப் பணம் வசூலிக்கும் உரிமைச் சங்கங்களில் உங்கள் பாடலை நாடு நாடாகப் பதிவது, எங்கெல்லாம் ஒலிக்கிறதோ அங்கெல்லாம் இருந்து பணத்தை வசூலிப்பது, வேறு பாடகர்களுக்கும் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பாடலைக் கொண்டுபோய்க் காட்டுவது, அனுமதி இல்லாமல் எடுத்தவரைத் துரத்துவது, உங்களை இன்னொரு இசையமைப்பாளரோடு உட்காரவைத்து எழுதச் சொல்வது. பாதிக்குமேல் கணக்கு வேலைதான். ஆனால் எழுதுகிறவனுக்கு அந்தக் கணக்கில்தான் சோறு.

இந்தத் தொழிலில் பப்ளிஷர்தான் மூத்தவர். ஒலியைப் பதிவுசெய்யவே வழியில்லாத காலத்தில் பாடல்கள் அச்சிட்ட இசைத்தாள்களாக விற்றன. பொது இடத்தில் பாடலை வாசித்தால் எழுதியவருக்குப் பணம் தர வேண்டும் என்று வசூலிக்கும் சாசெம் என்ற சங்கம் பிரான்சில் 1851இலேயே வந்துவிட்டது. பிறகு பியானோவைத் தானாக வாசிக்கவைக்கும் துளையிட்ட காகிதச் சுருள்களும் இசைத்தட்டுகளும் வந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல், அந்தச் சுருள் பாடலின் பிரதி ஆகாது, எனவே எழுதியவருக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றினார்கள். ஒவ்வொரு படிக்கும் பாடல் உரிமையாளருக்கு 2 சென்ட். எந்தக் கருவியில் ஒலித்தாலும், எந்தக் கம்பெனி படி எடுத்தாலும் பாடலுக்கென்று தனியாகப் பணம் உண்டு என்ற ஏற்பாடு அங்கிருந்து வலுப்பெற்றது. மெக்கானிக்கல் ராயல்டி என்று இன்று ஸ்ட்ரீமிங்கிலும் நாம் பெறுவது அதன் தொடர்ச்சிதான்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம்.

ஸ்ட்ரீமிங் தளம் தன் வருமானத்தில் ஒரு பெரிய பங்கைப் பதிவுக்கும், அதைவிட மிகச் சிறிய பங்கைப் பாடலுக்கும் தருகிறது. அமெரிக்காவில் 2023 முதல் 2027 வரை பாடல் பக்கத்துக்கான அடிப்படை விகிதம் 15 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. பதிவுப் பக்கம் பெறுவது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் சிறிய பங்கு என்பதற்காக விட்டுவிடாதீர்கள். பாடல் பக்கத்துக்கு வேறு கதவுகள் உண்டு. மேடையில் யார் பாடினாலும் பணம் பாடலுக்கு, பதிவுக்கு அங்கே வேலையில்லை. பல நாடுகளில் வானொலியில் ஒலித்தால் இரண்டு பக்கமும் பெறும். அமெரிக்காவிலோ சாதாரண வானொலி பாடல் பக்கத்துக்கு மட்டும்தான் கொடுக்கிறது, பாடியவருக்கும் லேபிளுக்கும் ஒன்றும் இல்லை.

படத்திலோ விளம்பரத்திலோ உங்கள் பாட்டை வைக்க வேண்டுமானால் இரண்டு அனுமதி வேண்டும். பாடலுக்குப் பப்ளிஷரிடம், மாஸ்டருக்கு லேபிளிடம். பொதுவாக இரு பக்கமும் சமமான தொகையைக் கேட்கும். லேபிள் மறுத்தால் இயக்குநர் வேறொருவரைப் பாடவைத்துப் புதிதாகப் பதிவுசெய்துகொள்ளலாம். பப்ளிஷர் மறுத்தால் அந்தப் பாட்டு அந்தப் படத்தில் கிடையாது, யார் பாடினாலும் கிடையாது. ஆகையால் ஸ்ட்ரீமிங் கணக்கை மட்டும் பார்த்துப் பாடல் பக்கத்தை எடைபோட வேண்டாம்.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமான செய்தி. டிஸ்ட்ரிபியூட்டர் உங்களுக்கு அனுப்பும் பணம் பெரும்பாலும் பதிவுப் பக்கத்துப் பணம் மட்டும்தான். பாட்டை ஏற்றும்போது அவர்கள் பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி என்ற எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பாடலுக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி என்று வேறொரு எண் உண்டு. அது உரிமைச் சங்கத்தில் பாடலைப் பதிந்தால்தான் கிடைக்கும். ஒரே பாடலைப் பத்துப் பேர் பாடினால் பதிவு எண் பத்து, பாடல் எண் ஒன்று. நீங்கள் சங்கத்தில் சேர்ந்ததாகக் கடிதத்தில் எங்கும் சொல்லவில்லை. அப்படியானால் அந்த ஓடிக்கொண்டிருக்கிற பாட்டின் பாடல் பக்கத்துப் பணம் எங்கோ பெயர் தெரியாமல் தேங்கிக் கிடக்கிறது. இப்படித் தேங்குவது எவ்வளவு தெரியுமா? அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்குக்கான மெக்கானிக்கல் ராயல்டியை வசூலிக்கப் புதிதாக அமைக்கப்பட்ட அமைப்பிடம், உரியவர் இன்னார் என்று பொருத்த முடியாமல் தங்களிடம் தங்கிப்போன பழைய தொகை என்று தளங்கள் 2021இல் ஒப்படைத்தது 42.4 கோடி டாலர். அது எழுதினவர்களின் பணம். எல்லாச் சங்கங்களும் முடிவே இல்லாமல் காத்திருப்பதில்லை. ஒரு காலத்துக்குப் பிறகு உரிமை கோராத தொகையை மற்றவர்களுக்குப் பிரித்துவிடுவதும் உண்டு. எந்த ஒப்பந்தத்துக்கும் காத்திருக்காமல் முதலில் உங்கள் நாட்டுச் சங்கத்தில் எழுத்தாளராகச் சேர்ந்து மூன்று பாடல்களையும் பதிந்துவிடுங்கள்.

அப்புறம் அந்த ஷரத்து. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இருப்பது இதுதான்:

"இந்த ஒப்பந்தத்தின் கீழ் வழங்கப்படும் பதிவுகளும், அவற்றில் அடங்கிய இசை மற்றும் இலக்கியப் படைப்புகள் அனைத்தும், உலகெங்கும், உரிமைக்காலம் முழுவதும் நிறுவனத்துக்கே உரியவை. இவற்றிலிருந்து கலைஞர்களுக்குச் சேரவேண்டிய எல்லாத் தொகைகளும் நிலுவையிலுள்ள முன்பணத்தில் கழித்துக்கொள்ளப்படும்."

"பதிவுகளும்" என்பது வரை லேபிள் தன் வேலையைத்தான் கேட்கிறது. அதிலும் பேசுவதற்கு இடம் உண்டு, பின்னால் சொல்கிறேன். "அவற்றில் அடங்கிய இசை மற்றும் இலக்கியப் படைப்புகள்" என்று வருகிறதே, அதுதான் உங்கள் மெட்டும் வரிகளும். பப்ளிஷிங் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை, ஆனால் பப்ளிஷிங் முழுவதும் அந்த ஒரு தொடரில் போய்விடுகிறது. "உரிமைக்காலம் முழுவதும்" என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி ஒரு படைப்பின் உரிமை எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கும். பல நாடுகளில் 70. ஆகவே உங்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது வாக்கியம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. லேபிள் தரும் முன்பணம் பரிசு அல்ல, உங்கள் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் தொகை. பதிவுச் செலவும், வீடியோச் செலவில் ஒரு பகுதியும் வழக்கமாக அதில் சேரும். எல்லாம் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்வோம். பதிவு ராயல்டி 20 சதவீதம். பதிவிலிருந்து லேபிளுக்கு 300 வருகிறது. உங்கள் பக்கத்துக் கணக்கில் ஏறுவது 60. லேபிள் போட்டதைவிட மூன்று மடங்கு அதன் கைக்கு வந்துவிட்டது, ஆனால் உங்கள் கணக்கில் இன்னும் 40 பாக்கி. இது பதிவு ஒப்பந்தங்களின் பொது இயல்பு, இதைத் தெரிந்தே பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் எழுதியவரைக் காப்பாற்றுவது பாடல் பக்கத்துப் பணம். பதிவுக் கணக்கில் பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தனியாக வர வேண்டும். "எல்லாத் தொகைகளும்" என்று எழுதியதால் அந்தப் பணமும் 40ஐ அடைக்கப் போய்விடும். நீங்கள் பாடுகிறவர்கூட இல்லை. உங்கள் தோழியின் வீடியோச் செலவை உங்கள் வரிகள் அடைக்கும்.

வட அமெரிக்க ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு தம்பி உண்டு. பாடுபவரே எழுதிய பாடல்களுக்கு, சட்டம் சொல்லும் மெக்கானிக்கல் கட்டணத்தில் முக்கால் பங்குதான் தருவோம் என்று ஒரு ஷரத்து. உங்கள் ஒப்பந்தத்தின் மற்றப் பக்கங்களில் அப்படி ஏதாவது சதவீதக் குறைப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

"நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல வரவில்லை. யுனிவர்சல், சோனி, வார்னர் மூன்று குழுமங்களிலும் லேபிளும் உண்டு, பப்ளிஷிங் நிறுவனமும் உண்டு. ஆனால் அங்கேயும் அவை தனி நிறுவனங்கள், தனி ஒப்பந்தம், தனிக் கணக்கு. உங்கள் லேபிளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பப்ளிஷிங்கைப் பார்க்க உங்களிடம் ஆள் யார்? எந்தெந்த நாட்டுச் சங்கங்களில் பாடலைப் பதிவீர்கள்? அதற்கு எத்தனை சதவீதம் எடுப்பீர்கள்? தெளிவான பதில் வந்தால், தனி ஒப்பந்தமாக அனுப்பச் சொல்லி, உங்களுக்கு எழுதிய பப்ளிஷரின் ஒப்பந்தத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அவர்கள் வேலை செய்யாமலே பங்கு கேட்கிறார்கள்.

பப்ளிஷர் என்ன அனுப்பினாலும் அதையும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். பாடல் வருமானத்தை எழுத்தாளர் பங்கு, பப்ளிஷர் பங்கு என்று இரண்டு பாதியாகப் பார்ப்பது பல நாடுகளின் வழக்கம். முழு ஒப்பந்தத்தில் பப்ளிஷர் பாதி அவர்களுக்குப் போய்விடும், பதிப்புரிமையும் அவர்கள் பெயருக்கு மாறும். கோ-பப்ளிஷிங்கில் அந்தப் பாதியையும் உங்களோடு பிரித்துக்கொள்வார்கள், ஆக உங்களுக்கு 75, அவர்களுக்கு 25. நிர்வாக ஒப்பந்தம் என்பதில் உரிமை உங்களிடமே இருக்கும். அவர்கள் பதிந்து வசூலித்துக் கொடுத்து, 10 முதல் 25 சதவீதம்வரை கூலி எடுப்பார்கள். அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும். இப்போது உங்கள் நிலையில் நிர்வாக ஒப்பந்தம் போதும் என்பது என் உறுதியான கருத்து. கையில் இருப்பது மூன்று பாடல். அவை சம்பாதித்ததையே இன்னும் நீங்கள் முழுதாகப் பார்க்கவில்லை. பெரிய முன்பணம் தந்தால் கோ-பப்ளிஷிங்கை யோசிக்கலாம், ஆனால் ஒரு குறித்த காலத்துக்குப் பிறகு பாடல்கள் உங்களிடம் திரும்பிவிட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

தோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவுக்கு இருவரும் செலவு செய்திருக்கிறீர்கள், எனவே மாஸ்டர் இப்போது உங்கள் இருவருடையது. லேபிளுக்கு அதை நிரந்தரமாக எழுதிக் கொடுக்காமல் குறித்த காலத்துக்கு உரிமம் மட்டும் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற பாட்டு என்பதால் பேசும் பலம் உங்களிடம் இருக்கிறது. அவர் அதே பாடல்களை மறுபடி பாடிப் பதிவுசெய்ய எத்தனை ஆண்டு தடை என்றும் ஒப்பந்தத்தில் பாருங்கள். தடை இருப்பது வழக்கம், ஆனால் அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019இல் அவருடைய பழைய லேபிளோடு சேர்ந்து வேறு கைக்குப் போயின. தடைக்காலம் முடிந்ததும் 2021 முதல் அவர் அவற்றில் நான்கை ஒவ்வொன்றாக மறுபடி பாடி வெளியிட்டார். எழுதியவரும் அவரே என்பதால் பாடல் பக்கம் அவர் கையை விட்டுப் போகவில்லை. பழைய பதிவுகளைப் படத்துக்கோ விளம்பரத்துக்கோ கேட்டு வந்தவர்களுக்கு மறுப்புச் சொல்லவும் அவரால் முடிந்தது.

உங்கள் விஷயத்தில் எழுதுகிறவரும் பாடுகிறவரும் வேறு வேறு ஆட்கள். ஆகவே லேபிளுக்குப் பதில் போடும் முன்பு, உங்கள் இருவருக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: எந்தப் பாடலில் வரிகளும் மெட்டும் யாருடையவை, எத்தனை சதவீதம், மாஸ்டரில் யாருக்கு எத்தனை. ஏதாவது ஒரு பாடலில் மெட்டின் ஒரு பகுதி பாடும்போது அவருக்கு வந்தது என்றால் அதையும் நேர்மையாக எழுதுங்கள். நட்பு நன்றாக இருக்கிறபோது இது பத்து நிமிட வேலை. பணம் வந்த பிறகு இதே பேச்சு நீதிமன்றம்வரை போனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லேபிளுக்கு அனுப்ப வேண்டிய மாற்றத்தையும் எழுதித் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்: "இந்த ஒப்பந்தம் பதிவுகளுக்கு மட்டுமே பொருந்தும். பதிவுகளில் அடங்கிய பாடல்களின் இசை, வரிகள் ஆகியவற்றின் உரிமை எழுதியவரிடமே இருக்கும். அவற்றைப் பதிவுகளில் பயன்படுத்த நிறுவனத்துக்கு வழக்கமான கட்டணத்தில் உரிமம் வழங்கப்படும். முன்பணம் பதிவு ராயல்டியிலிருந்து மட்டுமே கழிக்கப்படும்." லேபிளுக்குத் தன் வேலையைச் செய்யத் தேவையானது அனைத்தும் இதில் இருக்கிறது. இதை ஏற்கிற லேபிள்கள் ஏராளம். ஏற்க மறுத்து, பாடலில் ஒரு பங்காவது வேண்டும் என்று நின்றால், எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு, பதிலுக்கு என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கி, முழு ஒப்பந்தத்தோடு உங்கள் நாட்டில் இசை ஒப்பந்தங்கள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எனக்கு நீங்கள் அனுப்பியது ஒரு பக்கம்தான். மற்றப் பக்கங்களையும் ஒருவர் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.